வினிகர் தலைமுடி அலசுநீர்

வினிகர் தலைமுடி அலசுநீர் என்பது, தலைக்குக் குளித்து முடித்த பின் கடைசியாகத் தலைமுடியில் ஊற்றிக்கொள்ளும், மிகவும் நீர்த்த வினிகர் கலந்த தண்ணீர் ஆகும். சோப்பு, கடின நீர் ஆகியவற்றால் முடியில் படியும் படிவை நீக்குவதும், முடியின் மேற்பரப்பை மீண்டும் மிதமான அமிலத்தன்மைக்குக் கொண்டுவருவதும் இதன் பணிகள். வாசனைக்காக மூலிகைகளையோ நறுமண எண்ணெய்களையோ சேர்ப்பதும் உண்டு. சமையலறைப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே தயாரிக்கலாம். ஆனால் வினிகர் ஓர் அமிலம் என்பதால் அளவும் முறையும் தெரிந்து பயன்படுத்த வேண்டும். அளவு கூடினால் தோல் புண்ணாகும். கண்ணில் பட்டால் ஆபத்து.

இக்கட்டுரை அலசுநீர் செயற்படும் விதம், தயாரிக்கும் முறை, அதனால் ஆகும் பயன், ஆகாத பயன் ஆகியவற்றை விளக்குகிறது.

சொற்கள்

வினிகர் என்ற சொல், 'புளித்த திராட்சை மது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. தமிழில் இதனைக் காடி என்றும் புளிக்காடி என்றும் எழுதுவர். காடி என்பது முதலில் புளித்த கஞ்சியைக் குறித்த சொல். இலங்கைத் தமிழர் வினாகிரி என்பர். கடைகளில் வினிகர் என்றே கேட்டு வாங்குவதால் இங்கும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

நறுமண எண்ணெய்களைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்க்கின்றனர். இது பிழையான புரிதலைத் தருகிறது. மூலச்சொல் 'சாரம்' என்ற பொருளில் அமைந்தது. 'இன்றியமையாதது' என்ற பொருளில் அன்று. தாவரத்தின் வாசனைச் சாரத்தைப் பிரித்தெடுத்த எண்ணெய் என்பதே சரி. எனவே நறுமண எண்ணெய் அல்லது சார எண்ணெய் என்பது பொருத்தமானது. உதகமண்டலம் செல்வோர் வாங்கிவரும் நீலகிரித் தைலம் நமக்கு நன்கு தெரிந்த நறுமண எண்ணெய்க்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

மது புளித்து வினிகராகும் என்பதைப் பழங்கால மக்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அது ஏன் புளிக்கிறது என்பது 1860களில்தான் தெளிவாயிற்று. காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு ஆல்ககாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுபவை நுண்ணுயிரிகளே என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் விளக்கினார்.

மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைக்குக் குளிக்கச் சோப்பே பயன்பட்டது. சோப்பு காரத்தன்மை உடையது. தலைமுடியைச் சொரசொரப்பாக்கி விடும். ஆகவே சோப்பிட்டுக் குளித்த பின் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரால் முடியை அலசும் வழக்கம் அங்கு இருந்தது. 1930களில் செயற்கைச் சலவைப்பொருள்களால் ஆன ஷாம்புகள் விற்பனைக்கு வந்தன. கடின நீரிலும் அவை திரியவில்லை. பின்னர்க் கண்டிஷனர்களும் பரவவே வினிகர் அலசல் குறைந்தது. இயற்கைப் பொருள்கள் மீது ஆர்வம் பெருகியுள்ள இக்காலத்தில் அது மீண்டும் பேசப்படுகிறது.

தமிழ்நாட்டு வழக்கம் வேறு. நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காயோ அரப்போ இட்டுக் குளிப்பதே இங்குள்ள மரபு. சீயக்காயில் உள்ள சப்போனின் என்னும் பொருள் நுரைத்து அழுக்கை நீக்கும். சீயக்காய்க் கரைசல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அதை வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்ப்பாரும் உண்டு. கஞ்சி நேற்றையதானால் சற்றுப் புளித்துமிருக்கும். எனவே சோப்பு உண்டாக்கும் காரச் சிக்கல் சீயக்காயில் எழுவதில்லை. சீயக்காய் மட்டும் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு வினிகர் அலசல் பெரும்பாலும் தேவைப்படாது.

தலைமுடியின் அமைப்பு

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. வளர்ச்சி முழுவதும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில்தான் நடைபெறுகிறது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். கெரட்டின் என்னும் புரதமே முடியின் முதன்மைப் பொருள்.

முடியின் குறுக்குவெட்டில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் இருப்பது அகணி; மெல்லிய முடிகளில் இது இல்லாமலும் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள புறணி முடிக்கு வலிமையையும் நிறத்தையும் தருகிறது. வெளியே இருப்பது மேலுறை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது போல, மேலுறையில் நுண்செதில்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அவற்றின் விளிம்புகள் வேரிலிருந்து நுனியை நோக்கி இருக்கும். ஒரு முடியை நுனியிலிருந்து வேர் நோக்கி விரலால் உருவினால் சொரசொரப்பு தெரிவது இதனால்தான்.

செதில்கள் படிந்திருக்கும்போது முடி ஒளியைச் சீராகப் பிரதிபலித்துப் பளபளக்கும். தூக்கிக்கொண்டால் முடிகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும், சீப்பு இறங்காது.

அமிலமும் காரமும் முடியில் செய்யும் வேலை

ஒரு கரைசல் அமிலமா காரமா என்பதைப் பி.எச். மதிப்பால் குறிக்கிறோம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தலைத்தோலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5. முடித்தண்டின் மதிப்பு ஏறத்தாழ 3.7. சாதாரணக் குளியல் சோப்பின் கரைசல் 9 முதல் 10 வரை இருக்கும்.

காரக் கரைசலில் முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் மிகுகிறது. ஒரே மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிப் பாடம். முடிகள் ஒன்றையொன்று விலக்கிப் பறப்பதும், உராய்வு மிகுவதும், செதில்கள் தூக்கிக்கொள்வதும் அதனால்தான். மிதமான அமிலக் கரைசல் இந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது. செதில்கள் படிகின்றன, சிக்கெடுப்பது எளிதாகிறது.

எல்லா ஷாம்புகளும் காரத்தன்மை உடையவை என்று சொல்வது சரியன்று. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 123 ஷாம்புகளைச் சோதித்தபோது, அவற்றின் பி.எச். மதிப்பு 3.5 முதல் 9.0 வரை பரவியிருந்தது. ஆகவே அலசுநீர் தேவையா என்பது ஒருவர் பயன்படுத்தும் ஷாம்புவைப் பொறுத்தது.

கடின நீரும் சோப்புப் படிவும்

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே குளிக்கப் பயன்படுகிறது. 'உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சடை போல் ஆகிவிடுகிறது' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் கடினத்தன்மையைத்தான். நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. கடின நீரிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து அது கரையாத கால்சியச் சோப்பாக மாறுகிறது. வாளியின் விளிம்பில் வெள்ளையாக ஒட்டும் படிவு இதுவே. அதே படிவு முடியிலும் ஒட்டுகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிசுபிசுப்பு போகாது. உலர்ந்தபின் முடி மங்கலாகத் தெரியும்.

வினிகரின் அசிட்டிக் அமிலம் இப்படிவிலுள்ள கால்சியத்தை நீரில் கரையும் கால்சியம் அசிட்டேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோப்பை நன்றாக அலசாமல் அதன்மேலேயே வினிகர் நீரை ஊற்றினால், மிச்சமிருக்கும் சோப்பு முழுவதும் கொழுப்பு அமிலமாக மாறி மெழுகுபோல் முடியில் ஒட்டும். 'வினிகர் போட்டேன், முடி இன்னும் மோசமாகிவிட்டது' என்பவர்களில் பலருக்கும் நேர்வது இதுதான். முதலில் தண்ணீரால் அலசல், பிறகே வினிகர் நீர் என்ற வரிசை மாறக்கூடாது.

எந்த வினிகர்?

கடைகளில் கிடைக்கும் உணவு வினிகரில் அசிட்டிக் அமிலம் பொதுவாக 4 முதல் 6 சதவீதம் இருக்கும்.

வெள்ளை வினிகர்: நிறமற்றது, விலை மலிவு. அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தயாரிக்கும் செயற்கை வினிகரும் இவ்வாறே இருக்கும். புட்டியின் மேலுள்ள குறிப்பைப் படித்து வேறுபாடு அறியலாம்.

ஆப்பிள் சைடர் வினிகர்: ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துப் பெறுவது. விலை பல மடங்கு. 'தாய்' என்று குறிப்பிடப்படும் கலங்கலான படலம், வினிகரை உண்டாக்கிய பாக்டீரியாக்களும் அவை சுரந்த செல்லுலோசும் ஆகும். அதனால் முடிக்குத் தனிப்பயன் உண்டு என்று கொள்ளச் சான்று இல்லை.

அலசுநீரில் வேலை செய்வது அசிட்டிக் அமிலமே. ஆகவே விலை மிகுந்ததை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் பயன்படும் செறிவுமிக்க அசிட்டிக் அமிலம். இது நூற்றுக்கு ஏறத்தாழ நூறும் அமிலம். துளி பட்டாலும் தோல் வெந்துவிடும். 'நீர்த்துக்கொண்டால் மலிவாக இருக்குமே' என்று வீட்டுக்கு வாங்கிவரக் கூடாது. மற்றொன்று, தரை துடைப்பதற்கென விற்கப்படும் வினிகர். அதில் அமில அளவு கூடுதலாக இருக்கலாம். வேறு பொருள்களும் கலந்திருக்கலாம்.

எவ்வளவு நீர்த்துக்கொள்ள வேண்டும்?

'பாதி வினிகர், பாதி தண்ணீர்' என்று சில குறிப்புகளில் காணப்படுகிறது. இது மிக அதிகம். காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

வலிமைமிகு அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பி.எச். மதிப்பு 1 உயரும். அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம். நீர்க்க நீர்க்க அதன் மூலக்கூறுகள் மேலும் அயனிகளாகப் பிரியும். அதனால் பத்து மடங்கு நீர்த்தாலும் ஏறத்தாழ 0.5 தான் உயரும். 5 சதவீத வினிகரைத் தூய நீரில் கலக்கும்போது கணக்குப்படி கிடைக்கும் மதிப்புகள் வருமாறு:

நீர்க்காத வினிகர்: 2.4
பாதிக்குப் பாதி: 2.6
ஒரு பங்கு வினிகர், ஒன்பது பங்கு நீர்: 2.9
1 லிட்டர் நீரில் 30 மி.லி.: 3.2
1 லிட்டர் நீரில் 15 மி.லி.: 3.3

பாதிக்குப் பாதி கலந்தாலும் அது வினிகராகவே இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். பி.எச். மதிப்பு மட்டுமன்றித் தோலைத் தொடும் அமிலத்தின் மொத்த அளவும் முக்கியம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பேர், 0.5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள ஆப்பிள் சைடர் வினிகர் நீரில் நாள்தோறும் 10 நிமிடம் கையை நனைத்துவந்தனர். இவர்களில் தோல் அழற்சி உடையவர்களும் இல்லாதவர்களும் இருந்தனர். இரண்டு வாரத்தில் தோலின் காப்புத்தன்மை மேம்படவில்லை. பெரும்பாலோருக்கு எரிச்சல் உண்டாயிற்று. அந்த 0.5 சதவீதம் என்பது ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு நீர் என்ற அளவே.

ஆகவே 1 லிட்டர் நீருக்கு 15 மி.லி., அதாவது ஒரு மேசைக்கரண்டி வினிகர் போதும். இதில் அமிலம் 0.1 சதவீதத்திற்கும் குறைவு.

கடின நீரில் கணக்கு சற்று மாறும். அந்நீரிலுள்ள பைகார்பனேட்டு அமிலத்தின் ஒரு பகுதியைச் சமன்செய்துவிடும். பைகார்பனேட்டு மிகுந்த கிணற்று நீரில் 15 மி.லி. வினிகர் கலந்தால் பி.எச். மதிப்பு 3.3 ஆக இராமல் 4.5க்கு மேலும் போகலாம். அத்தகைய நீருக்கு 30 மி.லி. வரை சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டியதில்லை.

தயாரிக்கும் முறைகள்

கண்ணாடி, எவர்சில்வர், பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும்.

1. அடிப்படை அலசுநீர்

1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 1 மேசைக்கரண்டி வினிகரைக் கலக்கவும். அவ்வப்போது கலந்து அன்றே பயன்படுத்துவது நல்லது. நீர்த்த வினிகர் நாள்பட நல்ல நிலையில் இராது. நீர்க்காத வினிகர் கெடாது.

2. மூலிகை ஊறிய வினிகர்

வாசனை வேண்டுவோருக்கு மிகவும் ஏற்ற முறை இதுவே. வெட்டிவேர், துளசி, மரிக்கொழுந்து, ரோஸ்மேரி, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தவும். ஒரு கண்ணாடிச் சாடியில் பாதியளவு இட்டு, மூலிகை முழுவதும் மூழ்குமாறு வெள்ளை வினிகரை ஊற்றவும். பிளாஸ்டிக் மூடியால் மூடவும். தகர மூடி துருப்பிடிக்கும். வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வைத்து, மெல்லிய துணியால் வடிகட்டிக்கொள்ளவும். இந்த வினிகரில் 1 மேசைக்கரண்டியை 1 லிட்டர் நீரில் கலந்தால் அலசுநீர் ஆயிற்று. சாடியின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். சமையல் வினிகரோடு சேர்த்து வைக்கக் கூடாது.

3. பன்னீர் சேர்த்த அலசுநீர்

அடிப்படை அலசுநீரில் 2 மேசைக்கரண்டி பன்னீர் சேர்க்கவும். பன்னீரில் வாசனை ஏற்கெனவே நீரில் கலந்திருப்பதால் எண்ணெய் மிதக்கும் சிக்கல் இல்லை. செயற்கை வாசனை கலக்காத பன்னீராகப் பார்த்து வாங்கவும்.

4. எலுமிச்சை அலசுநீர்

வினிகர் வாடை பிடிக்காதவர்கள் வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றை 1 லிட்டர் நீருக்கு 1 மேசைக்கரண்டி வீதம் கலக்கலாம். இதிலுள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதில் அசிட்டிக் அமிலத்தைவிடத் திறனுடையது. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகலாம். அதனால் நெற்றி, கழுத்து ஆகியவற்றை நன்கு கழுவாமல் வெளியே செல்லக் கூடாது.

நறுமண எண்ணெய்களைச் சேர்ப்பது

எண்ணெய் நீரில் கரையாது. நீர்த்த வினிகரிலும் கரையாது. அலசுநீரில் ஐந்து துளி லாவெண்டர் எண்ணெய் விட்டால் அது மேலே மிதக்கும். ஊற்றும்போது நீர்க்காத எண்ணெய்த் துளி அப்படியே தலைத்தோலிலோ கண்ணிலோ விழ வாய்ப்புண்டு. புட்டியைக் குலுக்கினால் சிறிது நேரம் கலந்ததுபோல் தோன்றிப் பிறகு பிரிந்துவிடும். இதைப் பல குறிப்புகள் சொல்வதே இல்லை.

சரியான வழிகள் இரண்டு. முதலாவது, குளிப்பதற்கு முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் கலந்துகொள்வது. 1 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு 2 அல்லது 3 துளி போதும். ஏறத்தாழ 20 துளி 1 மி.லி. என்ற கணக்கில் இது 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. இரண்டாவது, பாலிசார்பேட் 20 போன்ற கரைப்பானில் முதலில் எண்ணெயைக் கலந்து, பிறகு நீரில் சேர்ப்பது. அழகுப்பொருள் தயாரிப்பவர்கள் கையாளும் முறை இது. ஒரு பங்கு எண்ணெய்க்குக் குறைந்தது நான்கு பங்கு கரைப்பான் வேண்டும். 1 லிட்டருக்கு 5 துளிக்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

எண்ணெய்களின் பயன் குறித்துச் சில ஆய்வுகள் உள்ளன. 2002இல் வெளியான ஆய்வொன்றில் 126 பேருக்கு நான்கு வாரம் 5 சதவீதத் தேயிலை மர எண்ணெய் கலந்த ஷாம்புவோ, எண்ணெய் கலக்காத ஷாம்புவோ கொடுக்கப்பட்டது. எண்ணெய் கலந்ததைப் பயன்படுத்தியவர்களிடம் பொடுகு 41 சதவீதமும் மற்றவர்களிடம் 11 சதவீதமும் குறைந்தது. இது ஆலையில் தயாரித்த ஷாம்புவைப் பற்றிய முடிவு. வீட்டில் இரண்டு துளி விட்ட அலசுநீருக்கு இதைப் பொருத்திச் சொல்ல முடியாது. தேயிலை மரம் என்பது நாம் குடிக்கும் தேயிலைச் செடியன்று. ஆஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம் என்பதையும் குறித்துக்கொள்க.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணக் கூடாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் சிலருக்கு ஒவ்வாமை தரும். தேயிலை மர எண்ணெய், நீலகிரித் தைலம் ஆகியவற்றைக் குழந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நீலகிரித் தைலம் வலிப்பை உண்டாக்கவல்லது. மெந்தால் மிகுந்த எண்ணெய்களைக் கைக்குழந்தையின் முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. தேயிலை மர எண்ணெய் நாய், பூனைகளுக்கும் நஞ்சு.

பயன்படுத்தும் முறை

1. முதன்முறை பயன்படுத்துவதற்கு முன், கலந்த அலசுநீரை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவும். அரிப்போ சிவப்போ தோன்றினால் கைவிடவும்.
2. வழக்கம்போல் தலைக்குக் குளித்து, சோப்பும் ஷாம்புவும் முழுவதும் போகும்வரை தண்ணீரால் அலசவும்.
3. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு, அலசுநீரை முடியின் நீளத்தில் மெதுவாக ஊற்றவும். தலைத்தோலைவிட முடிக்கே இது வேண்டியது.
4. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் விடவும். அதற்கு மேல் ஊறவைப்பதால் கூடுதல் பயன் இல்லை.
5. நல்ல தண்ணீரால் அலசவும். கடின நீர் உள்ள வீடுகளில் இந்தக் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மழைநீரோ காய்ச்சி ஆறவைத்துத் தெளித்த நீரோ இருந்தால் நல்லது. காய்ச்சும்போது தற்காலிகக் கடினத்தன்மை அடியில் படிந்துவிடும்.

உலர்ந்தபின் வினிகர் வாடை போய்விடும். வாரம் ஒருமுறை போதுமானது.

பாதுகாப்பு

கண்ணில் பட்டால் உடனே சுத்தமான நீரால் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். எரிச்சலோ மங்கலோ நீடித்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தலையில் புண், சொறிந்த காயம், படை, தோல் அழற்சி உள்ளவர்களும், அன்று சாயம் பூசியவர்களும், முடியை நேராக்கும் வேதிச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வினிகரும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு. குளியலறையில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாளில் அங்கே வினிகரைப் பயன்படுத்தக் கூடாது.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து தலையில் தேய்ப்பதால் பயனில்லை. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, சோடியம் அசிட்டேட்டும் கார்பன் டை ஆக்சைடும் நீரும் மிஞ்சும். மூடிய புட்டியில் கலந்தால் வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கவும் கூடும்.

அலசுநீரால் ஆகாதவை

முடி வளர்ச்சி மயிர்க்காலில் நடப்பதால், முடித்தண்டை நனைக்கும் அலசுநீர் முடியை வளர்க்காது. பிளந்த நுனியை ஒட்டாது, நரையை மாற்றாது. பேனையும் ஈரையும் ஒழிக்க இதை நம்ப முடியாது. பொடுகுக்குத் தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சைக்குத் தொடர்பு உண்டு. தொடர்ந்து இருந்தால் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்புவை மருத்துவர் பரிந்துரைப்பார்.

இதைக் குறிப்பாக மாணவிகள் அறிய வேண்டும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டுச் சுரப்புக் கோளாறு, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வந்த கடும் காய்ச்சல், மகப்பேறு, திடீர்ப் பட்டினி உணவுமுறை, பரம்பரை எனப் பல. களைப்பு, மூச்சு வாங்குதல், மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றோடு முடியும் உதிர்ந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். இரத்தசோகை உள்ள ஒரு பெண் ஆறு மாதம் விதவிதமான அலசுநீரை ஊற்றிக்கொண்டிருந்தால், முடி மட்டுமன்றிப் படிப்பும் உடல்நலமும் அந்த ஆறு மாதம் நலிவடையும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டில் முடிக்கு வைத்தியம் தேடுவதில் பொருளில்லை.

யாருக்குப் பயன்?

சோப்போ காரத்தன்மை மிகுந்த ஷாம்புவோ பயன்படுத்துவோர், கடின நீரில் குளிப்போர், கண்டிஷனர் வாங்க விரும்பாதோர் ஆகியோருக்கு வினிகர் அலசுநீர் மலிவான, பயனுள்ள வழி. மிதமான ஷாம்புவும் கண்டிஷனரும் பயன்படுத்துவோருக்கும் சீயக்காய் தேய்ப்போருக்கும் இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. முடி ஏற்கெனவே மென்மையாகவும் சிக்கின்றியும் இருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மாணவர்களுக்கான சோதனை

சங்குப்பூவைக் கொண்டு வீட்டிலேயே அமிலத்தையும் காரத்தையும் கண்டறியலாம். பத்து நீலச் சங்குப்பூக்களை அரைக் குவளை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் நீலச் சாறு கிடைக்கும். ஐந்து சிறிய கண்ணாடிக் குவளைகளில் இச்சாற்றைச் சம அளவு ஊற்றவும். முதலாவதில் வினிகர், இரண்டாவதில் 1 லிட்டருக்கு 15 மி.லி. கலந்த அலசுநீர், மூன்றாவதில் சோப்புக் கரைசல், நான்காவதில் வீட்டு ஷாம்புவின் கரைசல், ஐந்தாவதில் வீட்டுத் தண்ணீர் என ஒவ்வொரு தேக்கரண்டி சேர்க்கவும்.

அமிலத்தில் சாறு ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். காரத்தில் பச்சையை நோக்கி மாறும். ஷாம்புவின் குவளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவும். அது பச்சையாக மாறினால் அந்த வீட்டில் அலசுநீருக்கு வேலை உண்டு. நீலத்திலிருந்து ஊதாவை நோக்கிச் சென்றால் அந்த ஷாம்புவே மிதமான அமிலத்தன்மை உடையது. நிறமூட்டிய ஷாம்புவானால் அதன் நிறம் குழப்பும். நிறமற்ற ஷாம்புவையோ மிகவும் நீர்த்த கரைசலையோ எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைத்த நிறங்களைக் குறிப்பேட்டில் பதிந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் ஊர்ப் பொதுக்குழாய் நீரையும் கொண்டு இதே சோதனையைச் செய்து ஒப்பிடலாம்.